அறிவிப்பாளர் தவமணியின் தொண்டைக்கட்டு

அந்த வருஷம் பங்குனி பிறந்த நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வாக்கில், ஆலங்கோம்பை மேட்டுத் தெருவில் அறிவிப்பாளர் தவமணியின் குரல், சொல்லி முடித்த பிறகும் போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. அவர் குரலை ஊர் முழுக்க ஏற்றிச் செல்கிற இருளப்பனின் ஆட்டோ எப்போதும் போலத் தெரு நடுவில் நின்று, மேலே கட்டிய இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் அருணகிரி ஜவுளிக்கடையில் வேட்டி, சேலை, பாவாடைத் துணி எல்லாவற்றுக்கும் விலை குறைத்திருப்பதைச் சொல்லிவிட்டு, எப்போதும் போலச் சந்தைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. ஆட்டோதான் போயிற்று. குரல் முருங்கை மரத்தடியில், உட்கார்ந்திருக்கும் ஆளின் காது உயரத்தில், தனக்குத் தானே பேசிக்கொள்கிற மனுஷனைப் போலத் தணிந்து, பெரியோர்களே தாய்மார்களே என்று தொடங்கி, வருக வருக என்று முடித்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் பெரியோர்களே தாய்மார்களே என்று தொடங்கியது.

முதலில் கேட்டவள் அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண். யார் வீட்டு ரேடியோ என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு முறத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு புடைத்தாள். சாயங்காலத்துக்குள் தெரு ஜனம் முழுக்க வந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, உலை வைக்க நேரமாயிற்று என்று கலைந்து போயிற்று. மறுநாள் மின்சார வாரியத்து ஆள் வந்து எங்காவது வயர் தொங்குகிறதா என்று பார்த்தார், தொங்கவில்லை. பேரூராட்சி எழுத்தர் வந்து பார்த்து, இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் தெருவிளக்கு என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டு போனார். சித்திரை முடிவதற்குள் ஆட்டோ நின்ற இடத்திலெல்லாம் தவமணியின் குரல் நின்றது. மழை தூறினால் சளி பிடித்தது போலக் கரகரத்தது, காற்றடித்தால் துணி போல லேசாக ஆடியது, மற்றபடி யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் ஜவுளிக்கடை அறிவிப்பின் கீழே வந்து நின்றார்கள். பட்டு, பருத்தி, பாலியஸ்டர் என்று வரும் இடத்தில் எந்தப் பிள்ளையும் தூங்கிவிடும். பாலத்தடியில் ஓர் எருமையைக் காணவில்லை என்ற அறிவிப்பு நின்றது. அந்த எருமை மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது, ஆனாலும் குரல் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருந்தது. தினமும் மேய்ச்சலுக்குப் போகிற வழியில் அந்த எருமையே அங்கே நின்று, வலது கொம்பு வளைந்தது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உண்டு என்று தன் அடையாளங்களைக் கேட்டுவிட்டுப் போயிற்று. பிள்ளையார் கோயில் முக்கில் இன்று மாலை நான்கு மணிக்குக் குடிநீர் வரும் என்ற அறிவிப்பு நின்றதால், பெண்கள் தினமும் நான்கு மணிக்குக் குடத்தோடு வந்து நின்றார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த பேரூராட்சி, வெட்கப்பட்டுப்போய் தினமும் நான்கு மணிக்கே தண்ணீர் திறக்க ஆரம்பித்தது. செத்துப்போன தலைமையாசிரியரின் இறுதி ஊர்வலச் செய்தி பள்ளிக்கூடச் சுவர் ஓரம் நின்றது. அவர் மனைவி பத்து நாள் அந்தப் பக்கமே வராமல் சுற்றிப் போனார். பதினோராம் நாள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தவமணி கூலிக்குப் படித்த குரல்தான் நின்றது. வீட்டில் பேசினது, கடைத்தெருவில் பேசினது, இருளப்பனைத் திட்டினது எதுவும் நிற்கவில்லை. "அதுவும் நின்னுருந்தா நான் எப்பவோ எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள் அவர் மனைவி பவுன்.

தவமணிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. இருபத்தேழு வருஷமாக இதே வேலை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. நான்கு சுவரிலும் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு மண்பானை. அங்கே படித்துப் பதிவதைத்தான் இருளப்பன் ஆட்டோவில் போடுவான். அவர் யாருக்கும் வேலையாள் இல்லை. துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறவர் எவரோ அவர்தான் அந்த ஒரு மணி நேரத்துக்கு முதலாளி. மாநாட்டுக்கு வாரீர் என்று காலையில் ஒரு கட்சிக்குப் படித்தால், மாநாட்டைப் புறக்கணிப்பீர் என்று மத்தியானம் இன்னொரு கட்சிக்குப் படிப்பார். எழுதினது அவர்கள், நான் வாய் மட்டும்தான் என்பது அவர் கணக்கு. பொய்யாகவே இருந்தாலும் காற்றில் போகிற பொய்தானே, அது ராத்தங்குமா என்ன என்று அவர் ஒருமுறை இருளப்பனிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது அது ராத்தங்கியது. விடிந்தும் போகவில்லை.

அதனால் அவர் இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாகத் துண்டுச்சீட்டை மைக்கில் படிப்பதற்கு முன்னால் மனசுக்குள் படித்துப் பார்த்தார். குளத்துக்கரையை மேடு தட்டி மனைகளாக்கியவர்கள் வந்தார்கள். ஒரு தடவை படித்தால் போதுமாமே, எப்பவும் நிக்குமாமே என்று சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினார்கள். தண்ணீர் தேங்காத உயர்ந்த பூமி என்று அதில் இருந்தது. அந்த இடத்தில் தவமணி சின்ன வயதில் நீச்சல் பழகியிருக்கிறார். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு, தொண்டை கட்டியிருக்கிறது, நாலு நாள் ஆகும் என்றார். மூன்றே மாதத்தில் மூட்டுவலி போக்கும் தைலக்காரர் வந்தபோதும் தொண்டை கட்டியது. பக்கத்து வீட்டுக்காரியின் நடத்தையைப் பற்றி நாலு வரி எழுதிக் கொண்டுவந்த ஒரு வாத்தியாருக்கு மிகவும் மோசமாகக் கட்டியது. பவுன் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாளைக்கு எந்தக் கட்சிக்குக் கட்டும் என்று கேட்டுவிட்டுப் போவாள். கொஞ்ச நாளில் ஊரில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பெண் கேட்டுப் போன இடத்தில் இழுத்தடித்தால், அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு என்றார்கள்.

ஆனால் இரவில் படுத்தபின் தவமணிக்கு வேறு யோசனை வந்தது. அந்தத் தைலத்தில் ஒருவேளை யாருக்காவது வலி போயிருக்கலாம். எருமைக்காரன் மட்டும் நல்லவனா? போன வருஷம் தம்பி நிலத்தில் வரப்பைத் தள்ளிப் போட்டவன்தானே, அவனுக்கு எப்படிப் படித்தேன்? சீட்டைப் பார்த்துச் சொல்வதா, சீட்டைக் கொண்டுவருகிறவனைப் பார்த்துச் சொல்வதா? நான் யார் சொல்வதற்கு?

வைகாசி பாதியில் அருணகிரி வந்தார்.

அருணகிரி ஜவுளிக்கடை முதலாளி. தவமணி செய்கிற வேலையில் நாலில் மூன்று பங்கு அந்தக் கடையுடையது; ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாள், எல்லாம். அதற்கும் மேலே ஒன்று உண்டு. தவமணி இருபத்தாறு வயதில் அந்தக் கடையில் துணி மடித்துப் போடுகிற ஆளாக இருந்தார். மாடியிலிருந்து கீழே நிறத்தைச் சொல்லிக் கூவுவார். ஒருநாள் அருணகிரி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு ஏன்யா துணி மடிக்கிற என்று கேட்டு, மறுநாளே கையைப் பிடித்து மைக் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். அந்தக் கையைத் தவமணி மறக்கவில்லை.

அருணகிரி அன்றைக்கு நாற்காலியில் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு முட்டை அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டில் அவர் கையெழுத்து, கடைக் கணக்கு எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்து, இப்படி இருந்தது:

பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. ஆலங்கோம்பை வடக்கு வீதியில் வசிக்கும் அருணகிரியாகிய என்னுடைய மகள் தேன்மொழி என்பவர் என் சொல்லை மீறிச் சென்றுவிட்டபடியால் இன்று முதல் அவர் என் மகள் அல்ல. எனக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. என் வீட்டு நல்லது கெட்டது எதிலும் அவருக்கு இடமில்லை.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். தேன்மொழி கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், ஒரே பிள்ளை, மின்கம்பம் ஏறுகிற சகாயராஜ் என்பவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதே ஊரில், கீழத் தெருவில், வாடகைக்குக் குடிவந்துவிட்டாள். அவன் வேறு ஆட்கள், வேறு சாமி. வெளியூருக்காவது போயிருக்கக் கூடாதா என்று அருணகிரியின் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இந்த மாதிரி அறிவிப்பும் ஊருக்குப் புதிதல்ல. கோபம் கொண்ட அப்பன்மார் செய்கிறதுதான். தவமணியே மூன்று பேருக்குப் படித்திருக்கிறார்.

"கீழத் தெருவுல மட்டும் போதும். அவ வீட்டு முன்னாடி" என்றார் அருணகிரி.

தவமணியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. தொண்டை, என்று தொடங்கினார்.

"தெரியும். கட்டியிருக்கும். சரியாகட்டும், நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அருணகிரி போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கடையிலிருந்து ஆள் மூலம் தினமும் ஒரு பொட்டலம் வந்தது. முதல் நாள் பனங்கற்கண்டு, அடுத்த நாள் சித்தரத்தை, அதற்கடுத்த நாள் அதிமதுரம், அப்புறம் மலைத்தேன். பவுன் ஒவ்வொன்றையும் அலமாரியில் அடுக்கினாள். "நாட்டு மருந்துக்கடை வச்சிரலாம் போல. இந்தத் தொண்டை இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடை வேலை போனால் மிச்சம் என்ன இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தவமணி, காணாமல் போன ஆடு மாடு இருக்கிறது, தடுப்பூசி முகாம் இருக்கிறது, சாவு இருக்கிறது என்றார். பவுன் தலையை ஆட்டினாள்.

இருளப்பனுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. முடியாதுன்னு சொல்லிருங்கண்ணே, வேற அறிவிப்பாளரைக் கூப்பிட்டுக்குவாரு, அவங்க குரல் நிக்காது, பத்து நிமிஷத்துல காத்தோட போயிரும், பிள்ளை தப்பிச்சுக்கும் என்றான். அது நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு தவமணி ஒருநாள் முழுக்க நிம்மதியாக இருந்தார். அதற்கடுத்த நாள், ஏனென்று தெரியாமல், தெற்குக் காட்டுப் பக்கம் இருக்கிற அங்கம்மாள் வீட்டுக்கு நடந்து போனார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கம்மாளின் வீட்டுக்காரர் தன் மகன் வேல்பாண்டியைத் தலைமுழுகியபோது படித்தது தவமணிதான். அப்போது குரல் நிற்கிற அதிசயம் இல்லை. ஆட்டோ ஒரு சுற்று வந்தது, முடிந்தது. வேல்பாண்டி அன்றைக்கே ஊரைவிட்டுப் போனவன். அப்பா செத்ததற்கும் வரவில்லை. அங்கம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தில் கொஞ்சம் ஒதுக்கி அவர் பக்கம் தள்ளினாள். இந்த வீட்டு முன்னால் எங்கேயாவது என் குரல் நிற்கிறதா என்று தவமணி கேட்டார். தான் கேட்பது மடத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பேசினது எப்படி நிற்கும்?

"வெளிய இல்ல" என்றாள் அங்கம்மாள். கொஞ்ச நேரம் கடலை உரித்தாள். "ஊருக்கெல்லாம் இந்தப் பங்குனியிலேர்ந்துதான தம்பி கேக்குது. எனக்கு அன்னைக்கிலேர்ந்தே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. நல்ல குரல் ஒங்களுக்கு. ஒரு வார்த்தை விட்டுப்போகாம சுத்தமாப் படிச்சிருந்தீக."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு வேலை நன்றாக நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். தவமணி கடலையைக் கையில் வைத்துக்கொண்டே, தின்னாமல், மூன்று மைல் நடந்து திரும்பினார். வழியில் அவருக்கு ஒன்று புரிந்தது. இவர் படித்தாலும், இன்னொருவர் படித்தாலும், நின்றாலும், கலைந்தாலும், அந்தச் சீட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கப்பட்டுவிட்டால், தேன்மொழி அதைச் சாகும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள். தொண்டையைக் கட்டிக்கொண்டால் தவமணி தப்பித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அவர் அறைக்கு வந்து சேர்ந்தபோது தேன்மொழியே அங்கே நின்றாள். மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தாள். சுடிதார் முனையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னார். மைக் முன்னால் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, அப்பா சீட்டு குடுத்துட்டாராமே."

ஆமாம் என்றார்.

"நீங்க படிக்கலைன்னா கடை வேலை போயிரும்னு இருளப்பண்ணன் சொன்னாரு. எனக்காக அப்படியெல்லாம் இருக்க வேணாம். படிங்க." பிறகு, வந்ததே அதற்குத்தான் என்பது போலச் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு. ஆட்டோவ வாசல்ல நிப்பாட்டச் சொல்லாதீங்க. அவரு வேலை முடிஞ்சு வந்து வாசல்லதான் கட்டில் போட்டுப் படுப்பாரு. பின்னாடி துவைக்கிற கல்லு இருக்குல்ல, அங்க நிப்பாட்டச் சொல்லுங்க. அங்க நான் மட்டுந்தான் போவேன். துவைக்கிற சத்தத்துல பாதி கேக்காது. பழகிரும்."

இந்தப் பிள்ளை தன் தலையில் விழப்போகிற கல்லுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறதே என்று தவமணி நினைத்தார். அவள் எழுந்து போகும்போது, அம்மாவுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்று அவள் போன பிறகுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் தொண்டை சரியாகிவிட்டது என்று கடைக்குச் சொல்லி அனுப்பினார்.

தவமணியின் வேலைமுறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அறிவிப்பையும் தெருவுக்கு விடுவதற்கு முன்னால், கொடுத்தவர் இடத்துக்கே போய் ஒரு தடவை மாதிரி படித்துக் காட்டுவார். அவர்கள் கேட்டு, சரி என்று சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆட்டோ கிளம்பும். பேர் தப்பாகப் போயிற்று, தேதி தப்பாகப் போயிற்று என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். கடை விஷயமென்றால் கடையில் படிப்பார். குடும்ப விஷயமென்றால் வீட்டில்.

அன்றைக்குப் பத்தரை மணிக்கு அவர் கழுத்தில் மாட்டுகிற சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியோடு வடக்கு வீதிக்குப் போனார். இது ஒரு தந்திரமா என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. வழக்கத்தைத்தான் செய்கிறேன் என்று பாதி மனசு சொன்னது; பாதி மனசு ஒன்றும் சொல்லாமல் கூட நடந்தது. படிக்கப் போகிறோமா, சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோமா என்பதுகூட அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டுகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அருணகிரி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி விசாலம் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கித்தான் இருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அருணகிரிக்குப் புரிந்துவிட்டது.

"இங்க எதுக்குய்யா? நான்தான எழுதினேன். என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"வழக்கம் முதலாளி. எல்லாருக்கும் இப்படித்தான். கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும்" என்றார் தவமணி. பிறகு, சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று என்று தோன்றியதால், அதையும் சொன்னார்: "இங்க படிச்சா இங்கயும் நிக்கும். அதத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

விசாலம் புருஷனைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் சாவி மாட்டுகிற ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கட்டும்" என்றார் அருணகிரி. "நான் சொன்ன சொல்லு என் வீட்டுல நின்னா எனக்கென்ன. படி."

தவமணி பெட்டியைக் கழுத்தில் மாட்டி, பொத்தானை அழுத்தி, சீட்டைப் பிரித்தார். குரல் நடுங்கவில்லை. இருபத்தேழு வருஷத்துக் குரல், அதற்கு நடுங்கத் தெரியாது. கடை விளம்பரம் படிக்கிற குரலில் படிக்கக் கூடாது, சாவுக்குப் படிக்கிற குரலிலும் படிக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டார். அந்தச் சீட்டில் எழுதியிருந்ததை, எழுதின ஆள் முதல் தடவை அதை நினைத்தபோது எப்படி நினைத்திருப்பாரோ அப்படி, மெதுவாகப் படித்தார்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. ஆலங்கோம்பை வடக்கு வீதியில் வசிக்கும் அருணகிரியாகிய என்னுடைய மகள் தேன்மொழி..."

அருணகிரியின் கை மேலே எழுந்தது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு துணி எடுத்துப் போட்டது போதும் என்று விற்பனையாளுக்குக் காட்டுவாரே, அந்தக் கை. தவமணி நிறுத்தினார். கை அப்படியே நின்றது, கீழே இறங்கவில்லை. அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கூடத்தின் நடுவில், காது உயரத்தில், தணிந்த குரல் ஒன்று, பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு, ஆலங்கோம்பை வடக்கு வீதியில் வசிக்கும் அருணகிரியாகிய என்னுடைய மகள் தேன்மொழி என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் சொன்னது.

விசாலம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"போ" என்றார் அருணகிரி. "எடுத்துக்கிட்டுப் போயிரு. இனி என் கடைப் பக்கம் வராத."

தவமணி சீட்டை மடித்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். கையெழுத்து இல்லாத அறிவிப்பு தெருவுக்குப் போகாது, அதுவும் வழக்கம்தான்.

ஆடித் தள்ளுபடிக்கு வேறு ஊர் அறிவிப்பாளர் வந்து படித்தார். நல்ல குரல்தான். ஆனால் ஆட்டோ போன மறு விநாடியே தெருவில் ஒன்றும் இல்லாமல் போவதைப் பார்த்து ஜனங்களுக்குச் சங்கடமாக இருந்தது. இவ்வளவு அவசரமாக ஏன் போகிறது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனால் என்ன என்றார்கள். தேன்மொழியைப் பற்றிய சீட்டு அந்த அறிவிப்பாளரிடமும் போகவில்லை. தவமணி ஆட்டுக்கும் மாட்டுக்கும் தடுப்பூசிக்கும் சாவுக்கும் படித்தார். பவுன் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போனாள். இருளப்பன் ஆட்டோவில் குழாய்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதி நாள் சவாரி ஓட்டினான். செய்தது சரியா என்று யாரும் தவமணியிடம் கேட்கவில்லை. அவரேதான் கேட்டுக்கொண்டார். ஒரு மனுஷனின் வீட்டுக்குள் போய், அவன் தடுக்க முடியாத ஒன்றை நட்டுவிட்டு வந்துவிட்டேனே, அவன் கேட்டதைத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டால் அது அந்தப் பழைய கணக்குதானே, எழுதினது அவன், நான் வாய் மட்டும்தான் என்கிற கணக்குதானே? பவுனிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, யோசிச்சுக்கிட்டே இருங்க, ஆனா சாப்பிட்டுட்டு யோசிங்க என்றாள்.

அருணகிரி கடைக்கு நேரங்கழித்து வருகிறார் என்று ஆவணியில் சொன்னார்கள். புரட்டாசியில், மத்தியானம் வீட்டுக்குப் போனால் திரும்ப வருவதே இல்லை என்றார்கள். கூடத்தில் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம்; வந்த சொந்தக்காரர்கள் அந்த அரை வாக்கியத்துக்கு நடுவில் பேச முடியாமல் எழுந்து போகிறார்களாம்; அவர் யாரையும் போகாதே என்று சொல்வதில்லையாம்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், விசாலம் ஆள் அனுப்பினாள். தவமணி செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே போனார். அருணகிரி இளைத்திருந்தார். குரல் அவர் தலைக்குப் பக்கத்தில், மழைக்குச் சளி பிடித்து, கொஞ்சம் கரகரத்துக்கொண்டு, என்னுடைய மகள் தேன்மொழி என்றது. வா என்று சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை, பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை.

"அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து சந்தை வழியாத்தான் போறா" என்றார். "நம்ம வீதி முக்கைத் தாண்டித்தான் போகணும். அந்த முக்குல நிக்கறாளாம். தினமும் கொஞ்ச நேரம் நின்னுட்டு, அப்பறம் போயிர்றாளாம்."

தலைக்குப் பக்கத்தில் குரல் நின்ற இடத்தைக் கையால் காட்டினார்.

"அங்க நின்னா இது கேக்குமாய்யா?"

"தெரியலையே முதலாளி. போய் நின்னு பாக்கட்டுமா?"

அருணகிரி தலையை ஆட்டினார். தவமணி வாசற்படியில் இறங்கி நின்றார். இப்ப என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. கேட்கிறது என்றார், தெளிவாகவே கேட்டது. இரும்புக் கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். இப்ப? கேட்கிறது. மகள் தேன்மொழி என்பது மட்டும் கேட்டது. தபால்பெட்டி வரைக்கும் நடந்தார். இப்ப? கொசு பறப்பது போல ஏதோ ஒன்று கேட்டது, அதையும் கேட்கிறது என்றே சொன்னார். வீதி முக்குக்கு வந்தார். சந்தையிலிருந்து வருகிறவர்கள் திரும்புகிற இடம். யாரோ ஒருவருடைய குக்கர் விசில் அடித்தது, ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. தவமணி காதைக் கையால் குவித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை. தன் குரலை எந்தத் தூரத்திலும் அடையாளம் தெரிந்துகொள்ளக் கூடியவர் அவர். அது அங்கே வரவில்லை.

அருணகிரி எழுந்து வாசலுக்கே வந்துவிட்டிருந்தார். அங்கிருந்து, வயசான குரலில், "இப்ப?" என்றார்.

யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. தவமணி இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டார்.

"கேக்குதுங்க முதலாளி" என்றார், வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி. "நல்லாக் கேக்குது."

வாசலில் நின்ற மனுஷர் அங்கேயே நின்றார். பிறகு, வைகாசியிலிருந்து ஒரு பாதி மட்டும் திறந்து வைத்திருந்த வாசல் கதவின் மற்ற பாதியையும் இழுத்துத் திறந்து, குனிந்து, அது சாத்திக்கொள்ளாதபடி கொக்கியை மாட்டினார்.

தவமணி திரும்பி நடந்தார். தான் சொன்னது அந்த முக்கில் நின்றதா, காற்றோடு போயிற்றா என்று நின்று கேட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரி விடுகிற நேரம் ஆகியிருந்தது.